தொடட்டுங்களா என்று கேட்டவர்

அன்பானவர்களே, உட்கார்ந்தபடியே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். முதுகு என் பேச்சைக் கேட்பதில்லை. ஆண்டவர் என் ஜெபத்துக்குப் பதில் கொடுத்தார் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் எழுந்து நடக்கவில்லை. படுத்தவர் படுத்தவர்தான். போன தை மாதப் பனியில் அவரை அடக்கம் செய்தோம். எழுந்து நடந்தார் என்று கேட்க ஆசையோடு வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நான் பள்ளிவாசல் என்கிற மலை ஊர்ப் பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மாவும் அப்பாவும் கொழுந்து கிள்ளியே முடிந்துபோனவர்கள். என் வீட்டுக்காரர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆண்டவரை ஏற்றுக்கொண்ட பிறகும் பொன்னுசாமி என்ற பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஆண்டவருக்கு இந்தப் பேர்லயே என்னைத் தெரியுமுங்க" என்பார். வாய் நிறைய 'ங்க' போட்டுப் பேசுகிற மனுஷன். எங்கள் மலைப் பேச்சுக்கு நடுவில் அவர் பேச்சு தனியாகக் கேட்கும். கல்யாணமான புதிதில் லயத்துப் பெண்கள் அதை வைத்தே என்னைக் கேலி செய்வார்கள்.

எஸ்டேட்டில் வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் யாராவது அதே வேலைக்கு வந்தால் வீடு நிற்கும். பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டால், வயசான காலத்தில் எங்கே போவது? அப்படி நின்றவர்களுக்காகத்தான் சக்குபள்ளத்தில் எங்கள் வீட்டைத் தொடங்கினோம். பிள்ளை இல்லாத எங்களுக்கு அது ஊழியம் மட்டுமில்லை, குடும்பமும் அதுதான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவது, புண் கழுவுவது, சவரம் செய்வது, நகம் வெட்டுவது, கஞ்சி ஊட்டுவது. மழைக்காலத்தில் போர்வை காயாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏலக்காய் உலர்த்துகிற அறையில் காயப்போட இடம் தருவார். எங்கள் வீட்டில் படுத்திருப்பவர்கள் மேல் எப்போதும் பாயச வாசனை அடிக்கும் என்று சபையில் சிரிப்பார்கள்.

அந்த வீட்டில் என் வீட்டுக்காரர் இரண்டு வழக்கங்கள் வைத்திருந்தார். முதலாவது, ஒருவரைத் தொடுவதற்கு முன்னால் அடுப்படிக்குப் போய் வெந்நீர்ப் பானையில் தன் கைகளை வைத்துச் சூடாக்கிக்கொள்வார். மலைக்குளிரில் சில்லென்ற கை மேலே பட்டால் வயசானவர்கள் துள்ளிவிடுவார்கள். பிறகு படுக்கையருகில் வந்து நின்று, "தொடட்டுங்களா?" என்று கேட்பார். அவர்கள் தலையாட்டின பிறகுதான் தொடுவார். நினைவில்லாமல் கிடப்பவரிடமும் கேட்பார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். இரண்டாவது, அந்த வீட்டில் தங்கியிருக்கும் யாரும் எந்த வேலையும் செய்யக் கூடாது. ஒரு தட்டுக்கூடக் கழுவக் கூடாது. "சைரன் சத்தத்துக்கு எந்திரிச்சு, கங்காணிகிட்ட ஏச்சு வாங்கி ஓய்ஞ்சு வந்தவங்க. இங்க வந்தும் அவங்க வேலை செய்யோணுமுங்களா?" என்பார்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் கருப்பையா அண்ணன் ஒருவர். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். இடுப்பெலும்பு உடைந்து, முதுகெல்லாம் புண்ணாகி வந்தார். முதல் நாள் என் வீட்டுக்காரர் குனிந்து, "தொடட்டுங்களா?" என்று கேட்டபோது அவர் இவர் முகத்தில் காறித் துப்பினார். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்றைக்கு இவரை அடுப்படிக்கு இழுத்துப் போய்த் திட்டினேன். அவர் மறுபடி கையைச் சூடாக்கிக்கொண்டு போனார்.

புண் ஆறியது. கருப்பையா அண்ணன் கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கினார். ஆனால் எங்களோடு ஒட்டவில்லை. தலையணைக்கு அடியில் விபூதிப் பொட்டலம் வைத்திருப்பார். சாயங்கால ஜெபத்தில் நாங்கள் பாட ஆரம்பித்தால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பொட்டலம் தீர்ந்தால் என் வீட்டுக்காரரே குமுளிக்குப் போகும்போது வாங்கிவந்து கொடுப்பார். இதைப் பற்றிச் சபையில் சிலர் முணுமுணுத்தது எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்டவர் அவர்களையும் ஆசீர்வதிப்பாராக.

போன வருஷம் இடவப்பாதி மழை, வைகாசிக் கடைசியில் தொடங்குகிற பெருமழை, பிடித்த சமயம். காலையில் என் வீட்டுக்காரர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். கையிலிருந்து சவரக்கத்தி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். ஜீப்பில் போட்டுக்கொண்டு ஓடினோம். வழியில் மண் சரிந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு அழக்கூடத் தெரியவில்லை. இத்தனை பேருக்குச் செய்த கைக்கா இந்தக் கதி என்று மனசு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதைவிடக் கொடுமை வீட்டுக்கு வந்த பிறகுதான். அவர் யாரையும் தொட விடவில்லை. நான் துணி மாற்றப் போனால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். கஞ்சி கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். எத்தனையோ பேருடைய மலத்தை முகம் சுளிக்காமல் எடுத்த மனுஷனுக்குத் தன் உடம்பை இன்னொருவர் கையில் கொடுக்க வெட்கம். ஸ்பூனை வைத்துக்கொண்டு கெஞ்சுவேன். "நாலு வாய் குடிச்சா என்ன, உசுரா போயிடும்?" என்று கத்துவேன். கஞ்சி தாடையில் வழியும். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். சாக முடிவு செய்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

உதவிக்கு ஆள் இல்லை. வீட்டு வேலைக்கு எங்களோடு இருந்த ஒரு பெண்ணும் கல்யாணமாகிப் போய்விட்டாள். சபையிலிருந்து வந்தார்கள், ஜெபித்தார்கள், சாயா குடித்தார்கள், மழை வலுக்கும் முன்னே புறப்பட்டார்கள். குறை சொல்லவில்லை, அவரவருக்கு வீடு இருக்கிறது. வருஷக்கணக்காக ஆட்களைத் தூக்கித் தூக்கி என் முதுகு விட்டுப்போயிருந்தது. அவரைத் திருப்பிப் படுக்கவைக்க எனக்குச் சக்தியில்லை. முதுகில் புண் வரத் தொடங்கியது. எத்தனையோ பேருடைய புண்ணை ஆற்றின வீட்டில் அவருக்கே புண் வந்தது.

சித்தூரிலிருந்து என் கொழுந்தனார் வந்தார். அண்ணனைப் பார்த்ததும் வாசலில் போய் நின்று அழுதார். பிறகு என்னிடம், "ஏனுங்க அண்ணி, அண்ணனை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறனுங்க. நீங்களும் வந்துருங்க. இங்க இருந்து ரெண்டு பேரும் சாகோணுமுங்களா?" என்றார்.

"இவங்கள்லாம் எங்க போவாங்க தம்பி?"

"வேற எடம் பார்த்து விட்டுருவமுங்க. நீங்க செஞ்சது போதுமுங்க."

ஆடி கழிந்து மழை குறைந்ததும் வண்டி எடுத்துவருகிறேன் என்று சொல்லிப் போனார். நான் சரி என்றேன். மனசார இல்லை, முடியாமல் சொன்னேன். நாங்கள் பேசினது வரிசையாகப் படுத்திருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு புதுத் தொந்தரவு. கருப்பையா அண்ணன் காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு எங்கள் அறை வாசலில் வந்து நிற்பார்.

"யம்மா, நான் ஒரு கை புடிக்கட்டா?"

"நீங்க போய் உக்காருங்கண்ணே. இங்க தங்குறவங்க வேலை செய்யக் கூடாதுன்னு அவர் சொன்னது தெரியாதா?"

போய்விடுவார். அடுத்த நாளும் வருவார். எனக்கு எரிச்சல்தான் வரும். படுத்த மனுஷன் போட்ட ஒரு சட்டத்தையாவது காப்பாற்றுவோம் என்று நான் இருக்கிறேன், இவர் வேறு. இப்படி வாசலில் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து மண்டியிட்டு, ஆண்டவரே உதவிக்கு யாரையாவது அனுப்பும் என்று ஜெபிப்பேன். எனக்கு அது உறைக்கவே இல்லை. கொடுத்தே பழகின வீட்டுக்கு வாங்கத் தெரியவில்லை.

ஒரு காலையில் மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. படுக்கை நனைந்திருந்தது. அவரைத் திருப்பப் பார்த்தேன். முதுகில் சுளீர் என்று பிடித்தது. அவர் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்க, நான் தரையில் விழுந்துவிட்டேன். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவரைத் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டு சத்தம் போட்டு அழுதேன். "ஆண்டவரே, நீர் உயிரோடு இருக்கிறீரா? உமக்காக எத்தனை பேரைத் தூக்கினார் இவர். இவரைத் தூக்க உமக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லையா? அனுப்பும். இல்லையென்றால் எங்கள் இரண்டு பேரையும் எடுத்துக்கொள்ளும்." இதுதான் என் ஜெபம். அலங்காரம் ஒன்றும் இல்லை. ஏறக்குறைய சண்டைதான்.

கண்ணைத் திறந்தால் வாசலில் கருப்பையா அண்ணன்.

போய் உக்காருங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கம்பை அக்குளில் இடுக்கியிருந்தார். இரண்டு கையும் சிவந்து ஈரமாக இருந்தது, மெல்ல ஆவி வந்துகொண்டிருந்தது. அடுப்படிக்குப் போய், வெந்நீர்ப் பானையில் கையை வைத்துவிட்டு வந்திருக்கிறார். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஐயா," என்றார். "தொடட்டுங்களா?"

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒருவர் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். கருப்பையா அண்ணன் அவசரப்படவில்லை. கையை நீட்டியபடி நின்றார்.

"மொத நாளு ஒங்க மூஞ்சில துப்புனேன். அப்பவும் கேட்டுத்தானய்யா தொட்டீக. நான் கேக்கக் கூடாதா?"

என் வீட்டுக்காரருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நல்லாயிருந்த இடது கையை மெதுவாகத் தூக்கி, அந்தச் சூடான கைகளுக்கு நடுவில் வைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், என் வயிற்றிலிருந்து ஒரு அழுகை வந்தது பாருங்கள், அதைப் போல நான் அழுததே இல்லை.

கருப்பையா அண்ணன் குரல் கொடுத்ததும் நடக்க முடிந்த மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஒருவர் காலைப் பிடித்தார், ஒருவர் போர்வையை இழுத்தார், இன்னொருவர் என்னைத் தூக்கிவிட்டார். அன்றைக்குக் கருப்பையா அண்ணன் ஊட்டின கஞ்சியை என் வீட்டுக்காரர் குடித்தார். பாதி தாடையில் வழிந்தது, பாதி உள்ளே போனது. அந்தப் பாதிக்காக நான் இன்றைக்கும் ஸ்தோத்திரம் செய்கிறேன்.

ஆடி கழிந்து கொழுந்தனார் வண்டியோடு வந்தார். அவர் வந்தபோது முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு, கருப்பையா அண்ணன் இவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். கை நடுங்கும், அங்கங்கே முடி நிற்கும். இவர் ராஜா மாதிரி முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தனார் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வரவில்லை என்று சொல்லத் தேவையே இருக்கவில்லை. கொண்டுவந்த அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வெறும் வண்டியோடு போனார்.

தை வரைக்கும் ஆண்டவர் என் வீட்டுக்காரரை வைத்திருந்தார். பேச்சு திரும்பவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரு காலை, வெளியே பனி வெள்ளையாகக் கிடந்தபோது, கஞ்சி வருவதற்கு முன்னால் போய்விட்டார்.

குளிப்பாட்டச் சபை மூப்பர்கள் வந்தார்கள். தண்ணீர் எடுத்துவைத்துத் தயாரானார்கள். கருப்பையா அண்ணன், "கொஞ்சம் இருங்க," என்றார். கம்பை ஊன்றி அடுப்படிக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை பாஸ்டர் உட்பட எல்லோரும் நின்றோம். ஆவி பறக்கிற கையோடு வந்து, குளிர்ந்து கிடந்த என் வீட்டுக்காரர் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"ஐயா, தொடட்டுங்களா?"

கேட்டுவிட்டு, இவர் எப்போதும் நிற்பாரே, அதே போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தொட்டார்.

கருப்பையா அண்ணன் இரட்சிக்கப்பட்டாரா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். விபூதிப் பொட்டலம் இன்னும் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. தீர்ந்தால் இப்போது நான் வாங்கித் தருகிறேன். ஜெப நேரத்தில் சுவர் பக்கம் திரும்புவதில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியை ஆண்டவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் அழுது கேட்டபோது அவர் அனுப்பின ஆள் இவர்தான்.

இத்தனை வருஷம் இந்த ஊழியத்தில் எங்களை வைத்திருந்த தேவனுக்கு நன்றி சொல்கிறேன். என் வீட்டுக்காரர் இல்லாத வீடு எனக்கு வெறிச்சென்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். காலையில் அடுப்படியில் வெந்நீர் கொதிக்கும் சத்தம் கேட்டால் இன்னும் அவர் நிற்பது போலவே இருக்கிறது. ஆனாலும் வீடு நடக்கிறது. படுத்திருப்பவர்களை முடிந்தவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பழைய சட்டம் இப்போது இல்லை.

உங்களில் யாராவது கைவிடப்பட்டோம் என்று அழுதுகொண்டிருந்தால் நம்பிக் கேளுங்கள். கோபமாகவாவது கேளுங்கள். கேட்டுவிட்டு வாசலைப் பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே போகச் சொல்லி அனுப்பின ஆளாக இருந்தாலும் உள்ளே விடுங்கள்.

எனக்கும் அந்தப் பாடம் லேசாக வரவில்லை. என் முதுகுக்குத் தைலம் தேய்க்க எங்கள் வீட்டிலிருக்கும் ஒரு அக்கா தினமும் வருகிறாள். வேண்டாம் வேண்டாம் என்று எத்தனையோ நாள் விரட்டினேன். இன்று காலையிலும் இங்கே புறப்படுவதற்கு முன் வந்தாள். அடுப்படிக்குப் போய்க் கையைச் சூடாக்கிக்கொண்டு வந்து, கட்டிலருகில் நின்று, "தொடட்டுமா தங்கச்சி?" என்று கேட்டாள்.

"தொடுக்கா" என்றேன்.