கிளின்ரனுக்கு ஒரு பூசை

என் புருஷன் கிளின்ரனுக்குப் பிடிவாதம் வந்தால் சோறு தண்ணீர் தேவையில்லை. துறைமுகத்தில் கன்டெய்னர் இலக்கம் பதிகிற மனிதர், மூன்று ஞாயிறாகக் கொட்டாஞ்சேனை வீட்டில் கம்ப்யூட்டரும் கையுமாகக் கிடந்தார். எங்கள் கோயிலில் ஒவ்வொரு நாளும் இறந்தவர்களில் யாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை என்பதை, கோயிலின் பேஸ்புக் பக்கத்தில் ஒரு ப்ரோகிராம் தானாகவே போட வேண்டுமாம். பாதரும் சம்மதித்துவிட்டார்.

ஏன் இந்தப் பாடு என்று எனக்குத் தெரியும். அந்த மூன்றாம் ஞாயிறுக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை, மாமியாரின் மூன்றாம் ஆண்டு நினைவுப் பூசை. மாமியார் செத்தபோது, இத்தாலியிலிருந்து இவருடைய அண்ணன் ரெனால்ட் வந்து சேருமுன்பே இவர் சவப்பெட்டியை மூடி அடக்கம் செய்துவிட்டார். அதன்பிறகு அண்ணன் இவருடைய போனை எடுப்பதே இல்லை. கோயில் பக்கத்தை மட்டும் விடாமல் பார்ப்பார். அதில் அம்மாவின் பெயரைக் கண்டாலாவது மனம் இளகாதா என்று இவருக்கு நப்பாசை.

"கையால போட்டா காணாதா?" என்றேன்.

"மறந்துபோகும் எவ்லின். இது வருஷா வருஷம் போடும். பாஸ்வேர்ட் தேவையில்ல, ஒரு டோக்கன் தருவாங்க. ஹாபர் கேட்ல பாஸ் காட்டுற மாதிரி, ஒவ்வொரு தரமும் அதைக் காட்டோணும்."

காட்டினார், காட்டினார், அனுமதியில்லை என்றே பதில் வந்தது. பார்த்தால், டோக்கனின் கடைசி எழுத்தை விட்டுவிட்டுக் கொப்பி பண்ணியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரம்!

மூன்று மணிக்கு, "போயிட்டுது! போயிட்டுது!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். நானும் சந்தோஷத்தில் கத்தினேன்.

ஐந்து நிமிஷத்தில் கீழ்வீட்டு ஐறீன் அக்கா வாசலில் நின்று ஓவென்று அழுதார். "ஐயோ எவ்லின், காலையிலயும் கண்டனே!" என் பின்னால் இவர் எட்டிப் பார்த்ததும் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

ஓடிப்போய்ப் பக்கத்தைத் திறந்தேன். 'நாளைய பூசை: காலஞ்சென்ற கிளின்ரனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.'

"உயிரோட இருக்கிற வேற ஆக்களிட பேரைப் போடக் கூடாதுதானே. அதான் டெஸ்டுக்கு என்ட பேரைப் போட்டனான். எல்லாரும் பாக்கிற மாதிரி வெளியில போகும் எண்டு நினைக்கேல்ல."

"விசர் மனுஷா, அழியுங்க அதை!"

அதற்குள் என் போன் அடித்தது. ரெனால்ட்! ஸ்பீக்கரில் போட்டேன்.

"எவ்லின், நான் வாறன். டிக்கெட் பாத்துக்கொண்டிருக்கிறன். இந்த முறை பெட்டியை மூட வேணாம். நான் வரும்வரை மூட வேணாம்!"

இவருக்கு முகமெல்லாம் கண்ணீர்.

"மூடேல்ல அண்ணா. நான்தான் கதைக்கிறன்."

அந்தப் பக்கமிருந்து வந்தது பாருங்கள் ஏச்சு, மூன்று வருஷத்து ஏச்சு! ஒவ்வொன்றுக்கும் இவர், "ஓம் அண்ணா, ஓம் அண்ணா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்.