புதிய பதிப்புக்கு மாறாமல் இருந்த ஏழு மாதம்

ஆனி மாதம் ஒரு காலையில் என் கணினி ஒரு செய்தி சொன்னது. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளின் இந்தப் பதிப்புக்கு இனி அதிக நாள் ஆதரவு இருக்காது, புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னது. ஹெட்போன் மாட்டியிருந்ததால் அலுவலகத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. எஸ்கேப் விசையை அழுத்தி மூடிவிட்டேன். மறுநாளும் சொன்னது. மறுநாளும் மூடினேன்.

எனக்குக் கண் தெரியாது. ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். மாணவர்களுக்குச் சான்றிதழ் அடித்துக் கொடுப்பது, பெற்றோருக்குக் கடிதம் எழுதுவது, மின்னஞ்சல்களுக்குப் பதில் போடுவது, இவைதான் என் வேலை. திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிற ஒரு மென்பொருள் உண்டு. அதை வைத்துத்தான் ஒன்பது வருடம் ஓட்டியிருந்தேன். அதன் குரலை நான் வைத்திருந்த வேகத்தில் கேட்டால் மற்றவர்களுக்குக் கொசு கத்துகிற மாதிரி இருக்குமாம். எனக்கு அது ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாக விழும். எந்த விசைக்கு என்ன பதில் வரும், எத்தனை தடவை தட்டினால் எந்த இடத்துக்குப் போகும் என்பதெல்லாம் யோசிக்காமலே விரலுக்குத் தெரிந்திருந்தது.

பிறவியிலேயே இப்படி இல்லை. இருபது வயதுக்கு மேல் பார்வை ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. முழுக்கப் போய்விடும் என்று சொன்ன டாக்டரால் எப்போது என்று சொல்ல முடியவில்லை. வண்டியை விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்ன பிறகும் இரண்டு வருடம் மொபெட் ஓட்டினேன். வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி ரோட்டோரம் நின்றிருந்த டிராக்டரின் பின்னால் மோதி, முன்பல் இரண்டு போனது. அதற்குப் பிறகுதான் விட்டேன். வெள்ளைக்கோல் வாங்குவதையும் அப்படித்தான் தள்ளிப்போட்டேன். இன்றைக்குத்தான் பார்வை இருக்கிறதே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் சுபாவம். அதைப் பொறுமை என்று நானாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

கணினி விஷயத்தில் பயப்பட எனக்கு ஒரு காரணமும் இருந்தது. சேலத்தில் என்னோடு ஒன்றாகக் கணினி கற்றுக்கொண்ட நண்பன் ஒருவன் சேந்தமங்கலத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறான். அவனுக்கும் பார்வை இல்லை. அவன் அதற்கு முந்தைய வருடமே, யாரும் சொல்லாமலே, புதிய பதிப்புக்கு மாறினான். பாதியில் குரல் நின்றுவிட்டது. குரல் நின்றால் எங்களுக்குக் கணினி வெறும் தகரப் பெட்டிதான். அவன் மனைவிக்கு ஆங்கிலம் படிக்க வராது. போனில் என்னிடம் திரையை வர்ணித்தார்.

"நீலமா இருக்குதுங்ணா. நடுவுல ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்குது."

"எழுத்து ஏதாச்சும் தெரியுதாம்மா?"

"தெரியுதுங்ணா. ஆனா என்னன்னு சொல்றது?"

மூன்று நாள் அவன் அந்த வட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். நாமக்கல்லிலிருந்து ஒருவர் வந்து சரிசெய்து கொடுத்தார். ஒரு மாதத்தில் அவன் பழகிக்கொண்டான், பழையதைவிட நன்றாக இருக்கிறது என்றும் சொன்னான். எனக்கு அந்த மூன்று நாள்தான் மனதில் நின்றது.

கல்லூரிக் கணினிகளுக்கெல்லாம் பொறுப்பாக ஒரு இளம்பெண் இருந்தார். குமாரபாளையத்துக்காரர், சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஆவணி மாதம் என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க சார், எல்லா சிஸ்டமும் புதுசுக்கு மாத்தறமுங்க. உங்களுது மட்டும் நீங்க சொல்ற அன்னைக்கு மாத்தலாம்னு வெச்சிருக்கறேன். எப்பங்க வரட்டும்?"

"அட்மிசன் முடியட்டும் அம்மிணி. இப்ப கை வெச்சா வேலை நின்னு போயிரும்."

"செரிங்க சார்."

அட்மிஷன் முடிந்தது. மறுபடி வந்தார். பரீட்சை வருகிறது என்றேன். பரீட்சை முடிந்தது, தீபாவளி போகட்டும் என்றேன். அவர் ஒரு தடவையும் முகம் சுளித்திருக்க மாட்டார். குரலில் அது தெரியும். "பழசுலயே ரொம்ப நாள் இருக்கறது பாதுகாப்பு இல்லீங்க சார்" என்று மட்டும் ஒரு முறை சொன்னார். நான் சிரித்து வைத்தேன்.

கார்த்திகையில் கல்லூரி சான்றிதழ் போடுவதற்குப் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியது. அது பழைய பதிப்பில் திறக்காது. கணினிப்பெண் அன்றைக்கு நான்காம் முறையாக வந்து நின்றார்.

"இனி மாத்தித்தான் ஆகோணுமுங்க சார்."

"பொங்கல் கழியட்டும் சாமி. தையில ஒரு நாள் பாத்து மாத்திரலாம்."

அப்படிச் சொன்னபோது எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

பக்கத்து மேசையில் ஒரு அம்மா இருந்தார், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், நல்ல மனுஷி. "அதுவரைக்கும் நான் போட்டுர்றனுங்க, நீங்க எதுக்குச் செரமப்படறீங்க" என்றார். மாணவர்கள் என்னிடம் விண்ணப்பம் கொடுப்பார்கள், நான் அதை அவர் பக்கம் நகர்த்துவேன். இரண்டு வாரத்தில் அவர்கள் நேராக அவரிடமே போக ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் கடிதங்களும் போயின. ஏற்கெனவே சான்றிதழைத் திறந்து வைத்திருப்பவர் அதோடு கடிதத்தையும் அடித்துவிடுவது சுலபம் அல்லவா. காலையில் நான் கணினியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் விசைப்பலகை மட்டும் நாள் முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். சாப்பிடப் போகும்போது, "இன்னைக்குக் கை ஒடிஞ்சு போச்சுங்க" என்பார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்கிறவர் இல்லை. எனக்குத்தான் சோறு இறங்காது.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா விடுப்பு. உறவில் ஒரு சாவு, ஆத்தூர் பக்கம் போயிருந்தார். மதியம் இறுதியாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். மறுநாள் காலையில் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். இந்தக் கல்லூரியில்தான் படிக்கிறாள் என்பதற்கான சான்றிதழ் கையில் இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம்.

"மேடம் இல்லீங்களா சார்?"

"இல்லம்மா. திங்கக்கிழமைதான் வருவாங்க."

"நீங்க போட்டுக் குடுங்க சார். போன வருசம் எங்கக்காளுக்கு நீங்கதானுங்க குடுத்தீங்க."

என் கணினியில் அது திறக்காது என்று தெரியும். தெரிந்தும் முயன்று பார்த்தேன். பழைய படிவத்தில் ஒன்று அடித்தேன். பழைய படிவம் இனி செல்லாது, புதிதில் வருகிற எண் இல்லாமல் முத்திரை போட முடியாது என்று எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார். கணினிப்பெண்ணைத் தேடினால் அவர் ஒரு பயிற்சிக்காகச் சேலம் போயிருந்தார், போனும் அணைத்திருந்தது. அந்த மென்பொருள் அந்த அம்மாவின் கணினியில் மட்டும்தான் இருந்தது, அதில் அவர் கடவுச்சொல் இல்லாமல் யாராலும் நுழைய முடியவில்லை. போன் செய்தோம், எடுக்கவில்லை. சாவு வீட்டில் யார் போன் எடுப்பார்கள்.

அந்தப் பெண் நான்கரை மணி வரை என் மேசை முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கல்லூரிப் பேருந்து புறப்படுகிற ஹாரன் கேட்டதும், "பரவாயில்லீங்க சார், நான் போயிட்டு வாரனுங்க" என்றாள். செருப்புச் சத்தம் வராந்தாவின் முடிவு வரை மெதுவாகப் போய், அப்புறம் ஓடியது.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி கேட்டாள், "ஏனுங்க, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" யாரும் எதுவும் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதான்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கணினிப்பெண்ணின் அறைக்குப் போனேன். சுவரைத் தொட்டுக்கொண்டு மாடி ஏறிப் போனேன். அதுவரை அவர்தான் என் மேசைக்கு வந்திருக்கிறார், நான் அங்கே போனதில்லை.

"மாத்திரு அம்மிணி. நாள் எல்லாம் பாக்க வேண்டாம்."

பொங்கல் விடுமுறைக்கு முன்னால் அன்றாட வேலைகள் அவருக்கு நிறைய இருந்தன. எல்லாம் முடித்து, விடுமுறையும் கழிந்து, தை பிறந்த ஐந்தாம் நாள் வந்து உட்கார்ந்தார். என் கோப்புகளை முதலில் பத்திரமாக எடுத்து வைத்தார். குரல் நின்றுவிட்டால் எந்த விசைகளை அழுத்தித் திரும்ப வரவழைப்பது என்று என் கையைப் பிடித்து இரண்டு முறை பழக்கினார். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"ஆவணியிலயே கத்துக்கிட்டனுங்க சார். திரையை அணைச்சு வெச்சுட்டு, வெறும் காதுலயே கேட்டுக்கேட்டு நானே ஒரு வாரம் ஓட்டிப் பாத்தேன். உங்களுக்கு நடுவுல நின்னு போயிரக்கூடாதல்லங்க."

ஐந்து மாதமாக அவர் தயாராக இருந்திருக்கிறார்.

எல்லாம் மாறி முடிய ஒரு முற்பகல் ஆனது. நடுவில் கணினி தானே அணைந்து எழுந்தபோது ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மௌனம் இருந்தது. அவர் பழக்கிய விசைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டேன். அப்புறம் அதே குரல், அதே வேகத்தில், வந்தது. ஒன்றிரண்டு பட்டியல்கள் இடம் மாறியிருந்தன. நான்கு நாளில் விரல் பழகிவிட்டது. சான்றிதழ் மென்பொருள் குரலோடு நன்றாகவே ஒத்துப்போனது, பழையதைவிடச் சுலபம். நான் ஏழு மாதம் பயந்தது நான்கு நாள் வேலைக்கு.

அடுத்த வாரம் கண்காணிப்பாளரிடம் போய், சான்றிதழ் வேலையை மறுபடி என்னிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் என்னைவிடச் சின்னவர், எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர்.

"அந்தம்மா நல்லாப் பாத்துக்கிட்டு இருக்கறாங்கல்லங்க. இப்ப மாத்துனா கொழப்பமாயிரும்."

"ஒம்பது வருசம் நாந்தானுங்க பாத்தேன்."

"இல்லைன்னு யாருங்க சொன்னா? மேலயே பேசி முடிவாயிருச்சுங்க. வரவேற்புல போன் எடுக்க ஒரு ஆள் வேணும்கறாங்க. உங்க கொரலும் நல்லாருக்கும். உக்காந்த எடத்துல வேலை."

"எப்ப முடிவாச்சுங்க?"

"மார்கழிலயே. உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் தள்ளிப் போயிருச்சு."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேலையை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. ஒவ்வொரு தாளாக நானே நகர்த்திக் கொடுத்திருந்தேன்.

மாசி முதல் தேதியிலிருந்து வாசல் பக்கம் வரவேற்பு மேசையில் உட்கார்கிறேன். கணினியையும் அங்கே கொண்டு வந்து வைப்பதாகச் சொன்னார்கள். அந்த மேசைக்குப் பக்கத்தில் மின் இணைப்பு இல்லை, எலக்ட்ரீசியன் வர வேண்டும் என்றார்கள். போன் வருகிறது, எடுக்கிறேன், யாரைக் கேட்கிறார்களோ அவர்களுக்கு இணைப்பைத் தருகிறேன். பேருந்து எத்தனை மணிக்கு, விடுதியில் இடம் இருக்கிறதா என்று கேட்டால் நானே சொல்லிவிடுவேன். வேலை கஷ்டமில்லை. நாளில் பாதி நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மாணவி சித்திரையில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். வாசலில் என் குரலைக் கேட்டு நின்றாள். அவள்தான் என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது.

"என்னம்மா, அந்தக் கோயம்புத்தூர் வேலை?"

"உள்ளயே விடலீங்க சார். அடுத்த தடவை பாக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அடுத்த தடவை அவங்க எங்க காலேஜக் கூப்புடவே இல்லீங்க."

"இப்ப என்ன பண்ற?"

"பள்ளிபாளையத்துல ஒரு துணிக்கடையிலங்க. பில்லு போடறேன்."

என்னால்தான் அது போனது என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. எப்படித் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. நான் அதை எடுத்துப் பேசிவிட்டு வைப்பதற்குள் அவள் அலுவலகத்துக்குள் போய்விட்டாள். திரும்பி வருகிறபோது சொல்லலாம் என்று காத்திருந்தேன். பக்கவாட்டில் இன்னொரு வாசல் உண்டு, அந்த வழியாகப் போயிருக்க வேண்டும்.