ஜனவரிக் கையெழுத்து

பெலிசாரியோ என்ற பெயரை நான் முதலில் கேட்டது கல்யாணமாகி, போகோட்டாவை ஒட்டிய ஃபுன்சாவுக்கு வந்த வருஷம். என் ஓரகத்தி ரொசால்பா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "எங்க பெலிசாரியோ அண்ணன் விமானத்துக்கு அடியில மாடு மேய்க்குது" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

போகோட்டா விமான நிலைய வேலியை ஒட்டிய நிலம் அது. கிடங்கு கட்டுவதற்கென்று ஒரு கம்பெனி வாங்கி, விலை ஏறட்டும் என்று சும்மா போட்டிருந்தது. ஆள் இல்லாவிட்டால் யாராவது குடிசை போட்டுவிடுவார்கள். அதனால் பெலிசாரியோவுக்கு ஓர் அறையும் ஒரு பசுவும் கொடுத்து உட்கார வைத்தார்கள். நிலம் கம்பெனியுடையது, நான் வெறும் காவல்காரன் என்று அவர் வருஷத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட வேண்டும்.

ஜனவரிதோறும் அந்தத் தாளைக் கொண்டுவருபவள் கம்பெனி குமாஸ்தா நோஹெமி. பாலாடைக்கட்டி ரொட்டி வாங்கி வந்து அரை நாள் உட்கார்ந்து பேசுவாள். விமானம் தலைக்கு மேல் போகும்போது இருவரும் நிறுத்திவிட்டு, விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவார்கள். அவருக்கு வேறு விருந்தாளி கிடையாது.

கம்பெனி கை மாறியது. நோஹெமி வரவில்லை. அடுத்த ஜனவரியும் வரவில்லை. சுற்றிலும் கிடங்குகள் எழும்பி, பக்கத்து நிலத்துக் காவல்காரர்களும் போய்விட்டார்கள்.

"வாயைத் திறக்காதீங்க மாமா," என்றான் ரொசால்பா மகன் யெய்சன், லாரி ஓட்டுகிறவன். "கையெழுத்துப் போடாம பத்து வருஷம் இருந்துட்டா நிலம் உங்களுதுன்னு வக்கீல் சொல்றார். எட்டு முடிஞ்சிருச்சு."

"நிலத்தை வச்சு நான் என்னடா பண்ண?"

"வித்துட்டு ராஜா மாதிரி இருங்க. மாட்டுக்கிட்டயே பேசிக்கிட்டு..."

"அதுவாவது பதில் சொல்லுது. நீ மூணு மாசத்துக்கு ஒருக்கா வர்ற."

தாள் வராத ஒன்பதாவது ஜனவரியில், அந்தப் பசு வம்சத்தில் கடைசியாக இருந்ததும் செத்தது. நாலாம் நாள் தொப்பியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பஸ் ஏறிக் கம்பெனி ஆபீசுக்குப் போனார்.

"தாளு வரலையேம்மா. நோஹெமியம்மா சௌக்கியமா?"

மேஜையில் இருந்த பெண்ணுக்கு நோஹெமியையும் தெரியவில்லை, இவரையும் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஓர் அதிகாரியைக் கூட்டி வந்தாள். அவர் பழைய ஃபைலைப் புரட்டியதும் முகம் வெளுத்து, நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்து, தாளை நீட்டினார். அது என்ன தாள் என்று பெலிசாரியோவுக்குத் தெரியாமல் இல்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த ஜனவரிக்கு யாரு வருவாங்க?"

"யாரும் வர வேண்டியதில்ல ஐயா. மார்ச்சுல வேலை ஆரம்பிச்சிருவோம்."

அங்கே இப்போது ஏற்றுமதிப் பூ வைக்கிற குளிர்கிடங்கு நிற்கிறது. பெலிசாரியோ ரொசால்பா வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். யெய்சன் அவரோடு பேசுவதில்லை.