அம்மா பக்கத்துக் கதவு

அப்பாவின் உருண்டை மூக்குக் காரில், அம்மா உட்காரும் இடப்பக்கத்துக் கதவு சாத்தாது. நல்ல ரோட்டில் போகும்போதே படக்கென்று திறந்துகொள்ளும். அம்மா ஜன்னல் வழியே கையை வெளியே விட்டு, கதவைப் பிடித்தபடியே பொள்ளாச்சிக்கும் ஈரோட்டுக்கும் கல்யாணங்களுக்குப் போய் வந்தாள். அடுத்த மாதம் சரிசெய்துவிடலாம் என்று அப்பா வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டியைத் தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பவர், பெண்டாட்டிக்குக் கை வலிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அம்மாவின் சிறுநீரகக் கோளாறு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்போதுதான் மனிதருக்கு ஞானம் வந்தது. அவள் வீடு திரும்பும்போது கதவு ஒழுங்காகச் சாத்த வேண்டும் என்று, உக்கடத்தில் ஒரு பாயின் டிங்கரிங் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன்.

பாய் அம்மா கால் வைக்கும் இடத்து ரப்பர் மேட்டைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினார். ஓட்டை வழியே பட்டறை மண் தெரிந்தது. கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடி வண்டியைத் தாங்கும் இரும்புப் பெட்டியும் துருவாக உதிர்ந்தது. அது போனதால்தான் வண்டி நடுவில் தொங்கி, கதவு பொருந்தாமல் போயிருக்கிறது.

"மேலால பட்டி பூசிப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்துருவேனுங்க. ஆனா அம்மாவ மட்டும் அதுல உக்கார வெக்காதீங்க" என்றார் பாய். இந்த ஒரு பக்கம் மட்டும் எப்படித் தண்ணீர் தேங்கியது என்றும் கேட்டார்.

எனக்குத் தெரியும். கிணத்துக்கடவு ரோட்டில் இருந்த எங்கள் வீட்டு போர்வெல்லில் உப்புத் தண்ணீர். அது அம்மாவுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அப்பாவும் அம்மாவும் காரில் போய், பீளமேட்டுச் சித்தப்பா வீட்டுக் குழாயில் சிறுவாணித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வருவார்கள். குடம் அம்மாவின் கால்களுக்கு நடுவில் இருக்கும். ஒரு கை கதவில், ஒரு கை குடத்தில். தளும்பியதெல்லாம் ரப்பர் மேட்டுக்கு அடியில் போயிருக்கிறது.

முழுசாகவே செய்துவிடுங்கள் என்றார் அப்பா. பாய் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பிகளை வைத்துப் பற்றவைத்தார். அப்படி முட்டுக் கொடுக்காமல் அடியை அறுத்தால் வண்டி மடிந்துவிடுமாம். அறுக்க அறுக்கத் துரு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. நல்ல தகரம் இருந்தால்தானே புதுசை ஒட்ட முடியும்?

அதற்குள் ஆஸ்பத்திரியில் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்பதை அப்படித்தான் சொல்வார்கள். அப்பா பட்டறைக்கு ஓடினார். பாய் பாவம், என்ன செய்வார்? தரையில்லாத வண்டி ஜாக்கி மேல் நிற்கிறது. அம்மா ஏற வேண்டிய இடத்தில் கம்பி நிற்கிறது.

வாடகை வேனில் படுக்க வைத்துக் கூட்டிவந்தோம். அடுத்த வாரம் நம் வண்டி வந்துவிடும் என்று வழியெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார்.

"அவசரமில்லீங்க. நல்லாவே செய்யட்டுங்க" என்றாள் அம்மா.

அந்த நிலையிலும் அவருக்குத்தான் சமாதானம் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த வாரம் வரை அவள் இருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பாயே வண்டியை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். அப்பா இடப்பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு விரலால் தள்ளினார். அலுங்காமல் சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தார், மறுபடி சாத்தினார்.

பாயைக் கொண்டுபோய் விட்டுவர என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, அப்பா அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தார். உக்கடம் வரைக்கும், ஜன்னல் வழியே கையை விட்டு, இறுகச் சாத்தியிருந்த அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டே வந்தார். கை வலிக்கும், உள்ளே எடுங்கள் என்று நான் சொல்லவில்லை.