ரெமிஜியஸ் முறுக்கிய நட்டு

மர்பி டவுனில் ரெமிஜியஸைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவருடைய வலது கையைப் பற்றித்தான் சொல்வார்கள். ஆள் ஒல்லி. மீசையும் அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஆனால் அந்தக் கை ஒரு நட்டை முறுக்கிவிட்டால் முறுக்கியதுதான். யுத்த காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக வேலை கற்றவர், வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய மறு வருஷம் அடுகோடியில் ஒரு எலெக்ட்ரிகல் கம்பெனியின் ஷெட்டில் சேர்ந்தார். அன்றிலிருந்து பதினெட்டு வருஷம், அதே சைக்கிள், அதே ஷெட். எவ்வளவு இறுக்கினால் போதும் என்று எப்படித் தெரியும் எனப் புதிதாக வரும் இன்ஜினியர்கள் கேட்டால், "கை சொல்லும் சார்" என்பார். அதில் கொஞ்சம் கர்வம் உண்டுதான். இருந்துவிட்டுப் போகட்டுமே, வேறு என்ன சொத்து சேர்த்தார் மனிதர்?

அந்தக் கைதான் பதினாலு மாதத்துக்கு முன் போயிற்று. கேபிள் சுற்றிய பெரிய மரச் சக்கரம் ஒன்று உருண்டு வந்து கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. நடுவிரலும் அதற்கடுத்த இரண்டும் மடங்கின, நிமிர்ந்தன, பிடித்தன. உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. டாக்டர் ஊசியால் குத்தி "தெரியுதா?" என்றபோது, ரெமிஜியஸ் ஊசியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே "தெரியுது சார்" என்றார். வேறென்ன சொல்வார்? ஸ்பானர் பிடிக்க லாயக்கில்லை என்றால் கம்பெனியில் கேட் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். வருகிற லாரியின் நம்பரை எழுதிக்கொண்டிருக்கலாம். நாற்பத்தாறு வயதில் அந்த ஸ்டூலில் போய் உட்கார அவருக்கு மனமில்லை.

வீட்டில் டோரீனுக்குத் தெரியும். அடுப்பிலிருந்து இறக்கிய டவராவை ஒருநாள் அவர் வெறுங்கையால் தூக்கி நிதானமாக மேசைமேல் வைத்தார். விரலெல்லாம் கொப்புளம்.

"என்னங்க, சுடலையா?"

"பழகிப்போச்சு, விடு."

டோரீன் மருந்து தடவிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஷெட்டில் எப்படிச் சமாளித்தார்? சுலபம். நட்டு கடிக்கிறதா இல்லையா என்று கை சொல்லாததால், போதும் என்று தோன்றிய பிறகும் இன்னொரு அரைச் சுற்று. ரெமிஜியஸ் முறுக்கியது லூசு என்று ஒருவனும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அடுத்து வந்து சேர்ந்த வேலை அந்த அரைச் சுற்றுக்கு இடம் கொடுக்கவில்லை.

மேற்குக் கடற்கரையில் ஓர் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கான கேபிள் ராக்குகளில் ஒரு பகுதி அடுகோடி ஷெட்டுக்கு வந்திருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் இரும்புச் சட்டங்கள். அவற்றில் வரிசையாகக் கேபிள். ஒவ்வொரு முழத்துக்கும் கேபிளை அணைத்துப் பிடிக்க ஓர் இரும்புப் பட்டை, அதற்கு இரண்டு நட்டு. முறுக்கியது யார் என்று தெரிய ஒவ்வொரு ஃபிட்டரும் தன் நட்டில் தன் நிறத்தில் பெயின்ட் பொட்டு வைப்பது ஷெட்டின் பழக்கம். ரெமிஜியஸுக்குப் பச்சை. பக்கத்தில் நிற்கும் கோவிந்தப்பாவுக்கு நீலம். கோவிந்தப்பா கன்னடத்துக்காரர், ரெமிஜியஸோடு சேர்ந்து சேர்ந்து அவருடைய தமிழ் நன்றாகவே ஓடும், நடுநடுவே ஒரு கன்னடச் சொல்லோடு.

முதல் தவணை ராக்குகளைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வெங்கடராமன் வந்தார். மெதுவாகப் பேசுகிறவர், மெதுவாகப் பார்க்கிறவர். ஒரு பச்சைப் பொட்டு நட்டைக் கழற்றிப் பட்டையைத் தூக்கினார். கேபிளின் மேல்தோல் பள்ளமாக அழுந்தியிருந்தது. இன்னொன்று; அதுவும் அப்படியே. பத்தில் ஏழு.

"இது போய்ச் சேருற இடத்துல ஒரு தடவை கதவைப் பூட்டினா, அப்புறம் ஆள் நுழைய முடியாத ரூம் எல்லாம் இருக்கு. அங்க இருக்கற சூட்டுல இந்தப் பள்ளம் வெடிக்கும். யார் போய் மாத்தறது?" என்றார். அத்தனை பட்டையையும் கழற்றி, அடிபட்ட கேபிளை மாற்றி, சரியான அளவில் திரும்ப முறுக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு, அளவு பார்க்கிற தன் ஸ்பானரையும் பெட்டியோடு ஷெட்டிலேயே விட்டுப் போனார்.

சூப்பர்வைசர் வைத்தீஸ்வரன் கோபிப்பார் என்று எல்லோரும் நின்றார்கள். அவரோ சிரித்துவிட்டார்.

"என்னய்யா ரெமி, உன் பலத்தைக் காட்ட இதுதான் கெடைச்சுதா? கொஞ்சம் கையை அடக்கி முறுக்கு."

கூட்டமே சிரித்தது. பலம் ஜாஸ்தியாம்! ரெமிஜியஸும் சிரித்தார்.

மறுநாள் கையை அடக்கி முறுக்கினார். கோவிந்தப்பா விளையாட்டாக ஒரு கேபிளைப் பிடித்து இழுக்க, அது பட்டைக்குள்ளிருந்து சறுக்கி இறங்கியது. செங்குத்தாக நிற்கிற ராக்கில் கேபிள் தன் பாரத்துக்கே இப்படி இறங்கினால் அடியில் இருக்கிற இணைப்பு பிய்த்துக்கொண்டு போகும். "ஏன்ப்பா, சும்னே கை காட்டிட்டுப் போறியா?" என்று கோவிந்தப்பா கேலி செய்தார். ரெமிஜியஸ் இறங்கிய கேபிளைப் பிடித்து மேலே ஏற்றினார். ஜாஸ்திக்கும் கம்மிக்கும் நடுவில் இருக்கிற அந்த ஓர் இடம் அவருக்கு இனி இல்லை.

மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் இன்ஸ்பெக்டரின் பெட்டியைத் திறந்தார். நீளமான ஸ்பானர். பிடியைத் திருகி வேண்டிய அளவின் எண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டு முறுக்கினால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம். பழைய ஃபிட்டர்கள் யாரும் அதைத் தொடவில்லை; கை இல்லாதவனுக்கு அது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. அது எவ்வளவு உண்மை என்று ரெமிஜியஸுக்குத்தானே தெரியும்? ஒரு நட்டில் மாட்டி, காதை அருகே கொண்டுபோய் முறுக்கினார். டிக். அடுத்தது. டிக். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ராக்கின் மேல் சாய்ந்து நின்றார்.

"இன்ஸ்பெக்டர் சொன்ன அளவு, அவர் ஸ்பானர்லயே பண்ணிடறேன் சார்" என்று கேட்டபோது வைத்தீஸ்வரன் தாராளமாகச் சம்மதித்தார். பகலில் ஷெட்டின் இரைச்சலில் சத்தம் சரியாகக் கேட்காது. எனவே சாப்பாட்டு மணி அடித்து மெஷின்கள் நின்றதும் ரெமிஜியஸ் வேலையைத் தொடங்குவார். காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னும் ஒரு மணி நேரம். அறுநூற்று நாற்பது நட்டு. ஒவ்வொன்றையும் கழற்றி, பள்ளம் விழுந்த கேபிளை உருவிப் புதியதைப் போட்டு, காது வைத்து முறுக்கி, மேலே பச்சைப் பொட்டு. மனிதருக்கு ரோஷம், விட்டதைப் பிடிக்கிறார் என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு வாரத்தில் வெங்கடராமன் வந்தார். நீலத்தில் ஐந்து பார்த்தார்; மூன்று சரி, ஒன்று அதிகம், ஒன்று கம்மி. பச்சையில் முப்பது பார்த்தார். முப்பதும் ஒரே அளவு. அவருக்கே முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல கைய்யா உங்களுக்கு" என்றார்.

"நான்தான் சொன்னேனே சார்" என்றார் வைத்தீஸ்வரன், தன் பிள்ளை பாஸானதுபோல. "ரெமி ஒரு தடவை அளவு பாத்துண்டா போதும், கை பிடிச்சுக்கும். நீங்க உங்க ஸ்பானரை எடுத்துண்டு போங்கோ. அடுத்த தவணை ரெண்டாயிரம் நட்டையும் ரெமி கையாலயே முறுக்கிடுவான். புதுசு ஒண்ணு வாங்கணும்னு கம்பெனிக்கு எழுதற வேலையும் மிச்சம்."

ஸ்பானர் பெட்டிக்குள் போயிற்று. கொக்கி விழுந்தது. சுற்றிலும் எல்லோரும் ரெமிஜியஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போன மானம் முழுசாகத் திரும்பி வந்து அவர் முன்னால் நின்றது. பேசாமல் தலையாட்டினால் போதும். ஆனால் ரெண்டாயிரம் நட்டு. ஆள் நுழைய முடியாத அறை.

"சார், பெட்டியை எடுத்துட்டுப் போயிடாதீங்க" என்றார். "என் கையில ஒண்ணுமில்ல. சத்தத்தைக் கேட்டுத்தான் முறுக்கினேன். சக்கரத்துல மாட்டினதுலேர்ந்து மூணு விரல் செத்துக் கெடக்கு. முன்னாடி அதிகமா முறுக்கினது பலத்துல இல்ல சார், எனக்குத் தெரியலை."

யாரும் சிரிக்கவில்லை. வைத்தீஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார். இன்ஸ்பெக்டர் பெட்டியைப் பெஞ்சின் மேல் திரும்ப வைத்தார். "வேற ஒண்ணு வர்ற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும். முப்பதும் சரியாத்தானே இருந்தது" என்று வைத்தீஸ்வரனிடம் சொன்னார். வைத்தீஸ்வரன் தலையசைத்தார். கேட்டைப் பற்றியோ ஸ்டூலைப் பற்றியோ யாரும் பேச்செடுக்கவில்லை.

இருவரும் நகர்ந்த பிறகும் கோவிந்தப்பா போகவில்லை. முகம் கறுத்திருந்தது. வேலை போகும், பேர் போகும், பசங்கள் கேலி செய்வார்கள் என்று பதினாலு மாதமாக ரெமிஜியஸ் என்னென்னவோ நினைத்துப் பயந்திருந்தார். இது மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

"பதினாலு மாசம்" என்றார் கோவிந்தப்பா. "தினமும் ரெண்டு வேளை உன் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிருக்கேன். நட்டு லூசுன்னு உன்னைக் கிண்டல் வேற பண்ணினேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ?"

கோவிந்தப்பா ரெமிஜியஸின் வலது கையைப் பிடித்து இழுத்தார். கோபமாகத்தான் இழுத்தார். கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரல் நுனியாக அழுத்திக்கொண்டே வந்தார்.

"இது தெரியுதா?"

"தெரியுது."

"இது?"

"தெரியுது."

"இது?"

ரெமிஜியஸ் இந்தத் தடவை விரலைப் பார்க்கவில்லை. கோவிந்தப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"தெரியலைப்பா" என்றார்.