தாணு ஓட்டின டாங்க்

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் அந்தக் கடையின் படியடி வரை வந்து, ஏறாமல் திரும்பிப் போவதே லேகாவுக்கு வழக்கமாகியிருந்தது. ரிமோட் கார், பறக்கவிடும் டிரோன், பள்ளிக்கூட புராஜெக்டுக்கு தெர்மோகோல் என்று விற்கிற கடை. ஏறி இறங்குகிறவர்கள் எல்லாம் பையன்கள். ஐம்பதை நெருங்கும் தையல்காரி ஒருத்தி அங்கே போய் என்னவென்று கேட்பாள்? அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குகிறவளைப்போல ஏறிவிட்டாள்.

கடைக்காரன் கில்பர்ட், பொழியூர்க் கடற்கரைக் குடும்பத்துப் பையன். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற டாங்க் கிடைக்குமா என்று அவள் முணுமுணுத்ததை இரண்டாம் முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டான். பிள்ளைக்கு என்ன வயசு என்றான்.

“பிள்ளைக்கு இல்ல. எனக்காக்கும்” என்றாள் லேகா, தரையைப் பார்த்துக்கொண்டு.

பாறசாலை ரயில்வே கேட்டைத் தாண்டி, காரக்கோணம் போகிற வழியில் அவள் வீடு. அம்மாவுக்கு முடியாமல் போனதும் எட்டாம் வகுப்போடு நின்று, ஊசியைப் பிடித்தவள். கல்யாணம் செய்துகொண்ட தாணுவுக்குப் பட்டாளத்தில் வேலை; டாங்க் படையில் டிரைவர். ஊரில் அவர் லாரி ஓட்டுவதாகத்தான் நினைத்திருந்தார்கள். அவரும் திருத்தியதில்லை. லீவில் வருவார். பாதி லீவு தூக்கத்தில் போகும், மீதி ஓடு மாற்றுவதிலும் கல்யாண வீடுகளிலும் போகும். அங்கே எப்படி இருப்பார், எதற்குள் உட்கார்ந்திருப்பார் என்று அவர் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஓய்வு பெற்று வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று இருவருமே விட்டுவைத்த மாதிரி. வந்தபிறகு ஒரு கம்பெனியில் இரவுக் காவல் வேலை கிடைத்தது. பகலில் அவர் தூங்குவார், இவள் தைப்பாள். மிஷின் சத்தம் அவருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று பெடலை மெதுவாக மிதித்த வருஷங்கள் அவை. பிள்ளைகள் இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இப்போது மிஷினை எவ்வளவு வேகமாக மிதித்தாலும் கேட்க ஆளில்லை.

டாங்கோடு அவர் இருந்த போட்டோ ஒன்றே ஒன்று வீட்டில் இருந்தது. படைக்குள் ஆயுத பூஜை கொண்டாடியபோது எடுத்தது. வண்டி முழுக்க வாழை இலையும் செவ்வந்தி மாலையும். அந்தப் பூவுக்குள் எங்கோ ஒரு மூடியைத் திறந்து தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் சிரித்திருக்கிற படம் வேறு இல்லை. அதனால் அவர் இறந்த அன்று, பிளெக்ஸ் அடிப்பதற்கும் சட்டம் போடுவதற்கும் அதைத்தான் ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிட்டாள். படம் வந்தபோது டாங்க் இல்லை, பூ இல்லை. கழுத்துவரை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் நீல வானத்தைப் போட்டு, யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள். காலர் கழுத்தில் உட்காரவில்லை. தையல்காரியின் வீட்டுச் சுவரில் உட்காராத காலர். பழைய போட்டோவைத் திருப்பிக் கேட்க அவள் பலநாள் கூசிக்கொண்டிருந்தாள். ஒருவழியாகக் கேட்கப் போனபோது ஸ்டுடியோ இருந்த இடத்தில் மொபைல் கடை இருந்தது.

ஓணத்துக்கு பிளவுஸ் தைத்ததில் மூவாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தாள். நவராத்திரியில் பூஜை வைப்புக்கு மிஷினோடு கத்தரிக்கோலையும் அளவுநாடாவையும் விளக்கின் முன் வைப்பது வழக்கம். அவருக்கென்று வைக்க ஒரு சாமான் இல்லையே என்று போன வருஷம் தோன்றியது. வாங்கினால் ஒன்றுதான் வாங்க முடியும். அது அவர் ஓட்டிய டாங்காகவே இருக்க வேண்டும். மாறிப்போனால், யாரோ ஒருவருடைய வண்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து விளக்கேற்றியதாகிவிடும்.

எந்த டாங்க் என்று கில்பர்ட் கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. போட்டோ உண்டா என்றான். இருந்தது, ஆனால் பூ மூடியிருந்தது என்றாள். அவன் சிரிக்கவில்லை. அவர் வேலை பார்த்த காலத்தைக் கேட்டுவிட்டு இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஒன்று டி-72. புதுசு, தள்ளுபடி விலை. பசையும் சின்ன பெயிண்ட் டப்பாக்களும் சேர்த்தாலும் அவள் கையிலிருக்கும் காசுக்குள் முடிந்துவிடும். மற்றது டி-55. யாரோ வாங்கிப் பிரித்துத் திருப்பிக் கொடுத்த பெட்டி. மூலை நசுங்கியிருந்தது. டிரைவர் பொம்மையைக் காணோம். புதுசாக வரவழைத்தால் இரண்டு மடங்கு ஆகும். இந்தப் பெட்டியே பசையோடு மூவாயிரத்தைத் தின்றுவிடும், பெயிண்டுக்கு மிஞ்சாது, திருப்பியும் எடுக்க மாட்டான்.

“வீட்ல வைக்கதுக்குத்தானே அக்கா, புதுச எடுங்க. நல்ல சாதனமாக்கும். பாக்கவனுக்கு எல்லா டாங்கும் ஒண்ணு போலத்தான்.”

அவன் சொன்னது நியாயம்தான். லேகா இரண்டு பெட்டிகளையும் மாறிமாறிப் பார்த்தாள். மழை தகரத்தில் அடித்தது. பிறகு, டிரைவர் எங்கே உட்காருவார் என்று கேட்டாள்.

கில்பர்ட் படத்தாள்களை விரித்து விரல் வைத்துக் காட்டினான். டி-72இல் முன்னால் நட்ட நடுவில். டி-55இல் இடது ஓரமாக ஒடுங்கி. வலது பக்கம் டீசலும் குண்டும் அடுக்குகிற இடம், இடது பக்கம் இரும்புச் சுவர்.

இடது பக்கம் இரும்பு.

லீவுக்கு வரும்போதெல்லாம் தாணு பெட்டியின் அடியில் ஒரு கரும்பச்சை உடுப்பு கொண்டுவருவார். மேலிருந்து கீழ்வரை ஒரே துணியாக வரும் வேலை உடுப்பு. துவைத்துக் காயப்போடும்போது பார்ப்பாள். வலது தோள் அப்படியே இருக்கும். இடது தோள் மட்டும் உரசி உரசி நூல் நூலாகப் போயிருக்கும். ஒவ்வொரு வருஷமும் உள்பக்கமாகத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுப்பாள். ஏன் ஒரு தோள் மட்டும் என்று அவள் கேட்டதில்லை. தைத்திருப்பதை ஒருமுறை தடவிப் பார்த்து, “கொள்ளாம், நல்லாருக்கு” என்றுமட்டும் சொல்வார். அவருடைய அந்த வாழ்க்கையில் அவள் கை பட்ட இடம் அந்த உள்ளங்கை அளவு துணிதான்.

நசுங்கிய பெட்டியை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இது மதி. இதே போதும்.”

“ஆளு பொம்ம இல்லேன்னு சொன்னேன், கேட்டியளா? பின்ன வந்து சொல்லப்பிடாது.”

“சொல்ல மாட்டேன்.”

கிளம்பும்போது, டிரைவருடைய மூடியை அடைத்து ஒட்டிவிட்டால் உள்ளே ஆள் இல்லாதது யாருக்கும் தெரியாது என்று அவனாகவே சொல்லிக்கொடுத்தான்.

தைப்பு முடிந்த சாயங்காலங்களில் மிஷின் மேஜையிலேயே வேலை நடந்தது. படத்தாளில் எழுத்து குறைவு, எண்ணும் அம்புக்குறியும்தான். பிளவுஸுக்கு வெட்டிய துண்டுகளைச் சேர்ப்பது போலத்தான் இருந்தது. நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியாலேயே பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டி வந்த துண்டுகளை நறுக்கினாள். பிசிறை நகம் தேய்க்கும் அட்டையால் உரசினாள். சக்கரங்களில் பசை அதிகமாகி ஒன்று சுற்றாமல் இறுகிப்போனது. அன்றைக்கு அழுகை வந்தது. சொல்ல யாரும் இல்லாததால் சீக்கிரமே நின்றும் போனது. டிரைவருடைய மூடி விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குப் பசை தொடவில்லை.

பூஜை வைப்பன்று பிரேமகுமாரி வந்தாள். தாணுவின் தம்பி மனைவி, அடுத்த வளவு. மகள் ஆர்யாவின் புத்தகங்களை வருஷாவருஷம் இங்கேதான் வைப்பாள். விளக்கின் முன்னால் கத்தரிக்கோலுக்கும் அளவுநாடாவுக்கும் பக்கத்தில் சந்தனப் பொட்டோடு, பெயிண்ட் பூசாத பச்சைப் பிளாஸ்டிக்கில் ஒன்று இருப்பதைக் குனிந்து பார்த்தாள்.

“இதென்ன அக்கா, பிள்ளையளு வெளையாடுத களிப்பாட்டமா?”

லேகா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிரேமகுமாரி இன்னும் குனிந்து, திறந்திருந்த ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்தாள்.

“உள்ள ஒண்ணையும் காணல்லியே. ஓட்டதுக்கு ஆளில்லாத்த வண்டிய வச்சா பூஜ செய்யிய?”

கேலியாகத்தான் கேட்டாள். லேகா புத்தகங்களின் விளிம்பைச் சரிசெய்து அடுக்கினாள்.

“அவிய லீவுல வந்திருக்காவ” என்றாள்.

பிரேமகுமாரி நிமிர்ந்தாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், வாறேன் என்று போய்விட்டாள்.

பூஜைக்கு வைத்தபின் கருவியைத் தொடக்கூடாது. வருஷத்தில் மிஷின் சத்தம் அறவே இல்லாத நாள் அது. லேகா எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் காலர் உட்காராத வெள்ளைச் சட்டைக்குமேல் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வெளியே துலாமாத மேகம் இருண்டது. ஓட்டில் எங்கேயோ ஒழுகுகிற இடம் ஒன்று உண்டு, அவர் மாற்றாமல் விட்டது. எழுந்து போய், உள்ளே சொட்டு விழாதபடி டாங்கின் அந்த மூடியை விரல்நுனியால் சாய்த்து வைத்தாள். முழுக்க அடைக்கவில்லை.