மேலும் மூன்று பெண்கள்

சட்டம் உடைந்துபோன அம்மாவின் படத்துக்குப் புது ஃபிரேம் போட சேந்தமங்கலத்துக் கடைக்கு எடுத்துப் போனேன். பின் அட்டையைப் பிரித்த கடைக்காரர், "ஏனுங்க, உள்ள பழைய பேப்பர் இருக்குதுங்க, வேணுமா?" என்றார்.

படத்தின் கீழே எழுதியிருந்த மறைவு நாளுக்கு மறுநாள் பேப்பர் அது. கொல்லிமலையிலிருந்து இறங்கிய லாரி வளைவில் கவிழ்ந்த செய்தி. டிரைவரின் பெயர், வயது, ஊர் எல்லாம் இருந்தது. எத்தனை மூட்டை மரவள்ளிக்கிழங்கு வீணானது என்றுகூட இருந்தது. கடைசியில், 'மேலும் மூன்று மலைவாசிப் பெண்களும் பலி' என்று முடித்திருந்தார்கள்.

அம்மா காய்ச்சலில் போனதாகத்தான் அப்பா சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து பேப்பரை அவர் முன்னால் வீசினேன்.

"நாந்தாங் கண்ணு அவள அந்த லாரியில ஏத்தி உட்டேன். எந்த வாயால சொல்லுவேன்?" என்று அழுதார்.

அப்பா மேல் இருந்த கோபம் அத்தோடு போய்விட்டது. அந்தக் கடைசி வரியின் மேல் உள்ள கோபம் இன்னும் போகவில்லை. கிழங்கு மூட்டையை எண்ணத் தெரிந்தவருக்கு மூன்று பெயரைக் கேட்க வாயில்லையா?

இப்போது மலையில் எங்கே விபத்து என்றாலும் நானே ஓடிப்போய், ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதி நிருபரிடம் கொடுக்கிறேன். அச்சில் வரும்வரை அவரை விடுவதில்லை.

என் அம்மா பெயர் செல்லம்மாள். இதை அச்சிட இடம் போதவில்லை என்றால் பத்திரிகை ஆசிரியர் என் பெயரை வெட்டிக்கொள்ளட்டும். அம்மாவின் பெயரை வெட்ட வேண்டாம்.